போட்டிப் பிஸ்டலும் வீட்டில் அடைத்த தோட்டாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. (பிராக்டிகல் ஷூட்டிங் என்ற, ஓடியபடி சுடும் விளையாட்டின் அமைப்பு) நடத்தும் கிளப் போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டலை வைத்தே சொல்லப்பட்டவை. தோட்டாவில் எந்த வெடிமருந்தை எத்தனை கிரெயின் (எடை அளவு) போடலாம் என்ற கணக்கு இந்தப் பக்கத்தில் கிடையாது. அதை மருந்து தயாரிப்பாளரின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து மேசை நண்பர் சொன்னதையும் நம்ப வேண்டாம், இணையத்தில் யாரோ எழுதியதையும் நம்ப வேண்டாம்.

பிராக்டிகல் ஷூட்டிங் என்றால் என்ன? ஒலிம்பிக் சுடுதலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒலிம்பிக் பிஸ்டலில் நின்ற இடத்திலிருந்தே இலக்கைச் சுடுகிறோம். இங்கே ஓட வேண்டும், சுவர் மறைவிலிருந்து சுட வேண்டும், நடுவில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டும், அட்டை இலக்கையும் இரும்புத் தகட்டையும் கலந்து அடிக்க வேண்டும். 1976-இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பு உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றுக்கும் சம மதிப்பு என்பது அன்றைக்கே வகுத்த கொள்கை. யு.எஸ்.பி.எஸ்.ஏ. அதன் அமெரிக்கக் கிளை.

மதிப்பெண் கணக்கு எளிது. எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். பிஸ்டலில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவெல்லாம் இந்த ஒரு வகுத்தலிலிருந்துதான் வருகிறது.

பவர் ஃபேக்டர் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

குண்டின் (தோட்டாவிலிருந்து பிரிந்து பறக்கும் முனைத் துண்டு) எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் 125 இருந்தால் மைனர், 165 இருந்தால் மேஜர். தசமத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 124.9 வந்தால் அது 124தான்.

அட்டை இலக்கின் நடுவே ஏ, அதைச் சுற்றி சி, டி என்று பகுதிகள் உண்டு. ஏ பகுதியில் பட்டால் இரண்டுக்கும் 5 புள்ளி. சி-யில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி-யில் 2, 1. 32 சுற்றுகள் கொண்ட ஒரு ஸ்டேஜில் (போட்டியின் ஒரு பகுதி) ஒருவர் 24 ஏ, 8 சி அடித்து 20 வினாடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஜரில் 152 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 7.6. மைனரில் 144 புள்ளி, 7.2. வித்தியாசம் அவ்வளவுதான். குறி சுத்தமாக இருப்பவருக்கு மேஜர் பெரிதாக உதவாது. சி அதிகம் விழுகிறவருக்குத்தான் அது கைகொடுக்கும்.

எந்தப் பிரிவில் தொடங்கலாம்?

கையில் என்ன துப்பாக்கி இருக்கிறதோ அது பொருந்தும் பிரிவில். பெரும்பாலானவர்களுக்கு அது கேரி ஆப்டிக்ஸ் (ஒளிப்புள்ளி காட்டும் "டாட்" சைட் மாட்டியது) அல்லது இரும்பு சைட் உள்ள புரொடக்‌ஷன். இரண்டிலும் மதிப்பெண் மைனர் மட்டும்தான், ஆகவே 9 மி.மீ. போதும். லிமிட்டெட் பிரிவில் மேஜர் வேண்டுமென்றால் குண்டு குறைந்தது .40 அளவு இருக்க வேண்டும். 180 கிரெயின் குண்டு 940 அடி வேகத்தில் போனால் 169 வரும். ஓப்பன் பிரிவில் காம்பன்சேட்டர் (குழல் முனையில் வாயுவைத் திருப்பி, முனை எழும்பாமல் தடுக்கும் துண்டு), டாட், நீண்ட மேகசின் எல்லாம் உண்டு. அங்கே .38 சூப்பரும் அதிக அழுத்தத்தில் அடைத்த 9 மி.மீ.யும் ஓடுகின்றன.

முதல் துப்பாக்கியாக ஓப்பன் பிஸ்டல் வாங்காதீர்கள். விலையை விடுங்கள், அது தோட்டாவில் காட்டும் பிடிவாதத்தைச் சமாளிக்கவே ஒரு சீசன் போய்விடும்.

வாங்கியவுடன் எதை மாற்ற வேண்டும்?

முதலில் எதையும் மாற்ற வேண்டாம். சில நூறு சுற்றுகள் சுட்டுப் பாருங்கள். அப்புறம் இந்த வரிசையில் வாருங்கள்: பார்வை, பிடி, மேகசின், ஸ்பிரிங், கடைசியாக ட்ரிகர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரும்பு சைட் என்றால் முன்னால் மெல்லிய ஃபைபர் ஆப்டிக், பின்னால் வெறும் கறுப்பு. டாட் என்றால் அளவு பெரிதாக இருப்பதில் தவறில்லை. 6 எம்.ஓ.ஏ. (கோண அளவு) புள்ளி 25 கஜத்தில் ஒன்றரை அங்குலத்தை மறைக்கும்; ஏ பகுதியின் அகலமோ கிட்டத்தட்ட ஆறு அங்குலம். திருகுகளுக்குத் தளராமல் பிடிக்கும் பசை போட்டு, சொன்ன முறுக்கில் இறுக்கி, பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். திருகு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

மேகசினை யாரும் மதிப்பதில்லை. துப்பாக்கி சிக்குகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மேகசினில் சிக்கியது என்பதுதான். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வையுங்கள். மண்ணில் விழுந்ததை அந்த ஸ்டேஜ் முடிந்ததுமே துடையுங்கள். மூன்றாம் எண் மட்டும் அடிக்கடி தொல்லை தருகிறது என்றால் வாயின் இதழ்கள் விரிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சரிசெய்யும் வரை அதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

ரிகாயில் ஸ்பிரிங்கை இலேசாக்கினால் துப்பாக்கி மென்மையாகுமா?

ஓரளவு. ஸ்பிரிங்கின் வேலை, சுட்டதும் பின்னால் போகும் மேல் பாகமான ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. ஸ்பிரிங் கடினமாக இருந்தால் ஸ்லைடு முன்னால் மோதும்போது முனை கீழே குத்தும். டாட் இலக்குக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். தொழிற்சாலை ஸ்பிரிங் முழு வேகத் தோட்டாவுக்கு ஏற்றது. நாம் 130 பவர் ஃபேக்டருக்கு அடைத்ததைச் சுடும்போது ஒரு படி இலேசாக்குவது நியாயம்தான்.

எல்லை எங்கே என்றால், துப்பாக்கி அழுக்கேறியும் எண்ணெய் காய்ந்தும் இருக்கும்போதுகூட ஸ்லைடு முழுதாக மூட வேண்டும். கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் (ஹேமர் இல்லாமல் உள்ளே ஊசியே பாய்ந்து அடிக்கும்) துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் ரிகாயில் ஸ்பிரிங்குக்கு எதிராக இழுக்கிறது. ரிகாயில் ஸ்பிரிங் மிகவும் இலேசானால், ட்ரிகரை அழுத்தும்போதே ஸ்லைடு சற்றுப் பின்வாங்கும். காலியான துப்பாக்கியில் முனையை மேலே நிமிர்த்தி ட்ரிகரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஸ்லைடு நகர்ந்தால் அந்த ஸ்பிரிங் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

ட்ரிகரை எவ்வளவு இலேசாக்கலாம்?

விதி ஒரு பக்கம். ஐ.பி.எஸ்.சி. புரொடக்‌ஷனில் முதல் சுடலுக்கு 2.27 கிலோ, அல்லது எல்லாச் சுடலுக்கும் 1.36 கிலோ என்ற குறைந்தபட்ச அளவு உண்டு. விதியைவிட முக்கியமானது, ஹேமர் (அடிக்கும் சுத்தி) ஸ்பிரிங்கை இலேசாக்கினால் பிரைமரில் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விழும் அடியும் இலேசாகும் என்பது. சி.இசட். ஷேடோ 2 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்: ட்ரிகர் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், கூடவே வெடிக்காத தோட்டாவும் வரும். அப்புறம் மென்மையான ஃபெடரல் பிரைமரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சி.சி.ஐ. அதைவிடக் கடினம். எந்தக் கடையில் எந்தப் பிரைமர் கிடைத்தாலும் வெடிக்கும்படி துப்பாக்கியை வைத்திருப்பதே எனக்குப் பிடித்த வழி.

சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் துண்டு), ஹேமர் விளிம்புகளை அரத்தால் தேய்ப்பதைத் தெரிந்த துப்பாக்கித் தச்சரிடம் விடுங்கள். ஸ்லைடு மூடும்போது ஹேமர் தானாக விழுந்தாலோ, ஒரு அழுத்தலுக்கு இரண்டு வெடித்தாலோ அந்தத் துப்பாக்கி அன்றைக்கு ரேஞ்சை விட்டு வெளியே போக வேண்டியதுதான். நீங்கள் எண்ணாத நேரத்தில் வெடித்த தோட்டாவுக்குப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

கடையில் தோட்டா கிடைக்கும்போது ஏன் வீட்டில் அடைக்க வேண்டும்?

பணம் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் மிச்சமான பணத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகச் சுட்டுத் தீர்ப்போம். உருப்படியான காரணம் வேறு: உங்கள் துப்பாக்கிக்கும் உங்கள் பிரிவுக்கும் பொருத்தமான தோட்டா கிடைக்கிறது. கடைத் தோட்டா எல்லாத் துப்பாக்கியும் இயங்க வேண்டும் என்பதற்காக 125-ஐ வெகுவாகத் தாண்டியிருக்கும். அந்தக் கூடுதல் உதைப்பால் உங்களுக்கு ஒரு புள்ளியும் வராது.

147 கிரெயின் குண்டுதான் மென்மை என்கிறார்கள். பவர் ஃபேக்டர் ஒன்றுதானே, எப்படி?

நல்ல கேள்வி. 115 கிரெயின் 1130 அடியில், 124 கிரெயின் 1050 அடியில், 147 கிரெயின் 885 அடியில் — மூன்றுமே ஏறக்குறைய 130. குண்டு தரும் உந்தம் ஒன்றே. ஆனால் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவது குண்டு மட்டுமல்ல. எரிந்த மருந்து வாயுவாகி, குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் முனையிலிருந்து வெளியேறுகிறது. அதற்கும் உந்தம் உண்டு. கனமான குண்டை மெதுவாகத் தள்ளக் குறைவான மருந்து போதும். அதனால் வாயுவின் பங்கு குறைகிறது, சத்தமும் வெடிப்பும் தணிகின்றன. வேகமாக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பின்லாந்தின் விடாவோரி என்320 மருந்து இந்த வட்டத்தில் பிரபலமானது இப்படித்தான்.

ஓப்பன் துப்பாக்கியில் கதை அப்படியே தலைகீழ். காம்பன்சேட்டர் வேலை செய்வதே வாயுவால். அதனால் அங்கே 115 அல்லது 124 கிரெயின் குண்டும், மெதுவாக எரியும் மருந்து நிறையவும் போடுகிறார்கள். 124 கிரெயினை 1350 அடியில் ஓட்டினால் 167. மருந்து கூடியும் முனை அசையாமல் நிற்பதைப் பார்த்தால் முதல் தடவை நம்ப முடியாது. ஆனால் 9 மி.மீ.யில் மேஜர் என்பது, அந்தத் தோட்டாவுக்கு விதித்த 35,000 பி.எஸ்.ஐ. அழுத்த வரம்பைத் தாண்டும் வேலை. அதற்கென்றே கட்டிய துப்பாக்கியில் மட்டும் அது நடக்க வேண்டும். அந்தத் தோட்டா தவறி உங்கள் சாதாரண பிஸ்டலுக்குள் போகாதபடி பெட்டியின் நிறத்தையாவது மாற்றி வையுங்கள்.

147 எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஸ்லைடு மந்தமாக நகர்வதாகச் சிலருக்குத் தோன்றும். அவர்கள் 124-இல்தான் வேகமாகச் சுடுகிறார்கள். இரண்டையும் டைமர் வைத்துச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொடங்க என்னென்ன கருவி வேண்டும்?

பிரஸ் (தோட்டா அடைக்கும் கைநெம்பு இயந்திரம்), அதில் மாட்டும் கார்பைடு டை (அச்சு), 0.1 கிரெயின் வரை காட்டும் தராசு, காலிப்பர், கேஸ் கேஜ் (தோட்டாவின் அளவு சரியா என்று போட்டுப் பார்க்கும் துளை), ஒரு நல்ல கையேடு. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தில்லன் 550 பிரஸ்ஸில் கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். 750 தானே சுழலும். மாதம் சில நூறு சுற்று சுடுகிறவருக்கு 550 தாராளம். புதியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் செய்யும் ஒற்றை நிலைய பிரஸ்கூட நல்லதுதான். மெதுவாகப் போகும், ஆனால் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று கண்ணில் படும்.

வேலையின் வரிசை: பழைய பிரைமரைத் தள்ளிக் கூட்டை (தோட்டாவின் உறை) பழைய அளவுக்குச் சுருக்குவது, புதுப் பிரைமர் வைப்பது, வாயைச் சற்று விரித்து மருந்து போடுவது, குண்டை அமர்த்துவது, விரித்த வாயை மறுபடி ஒட்ட அமுக்குவது. கடைசிப் படியில் பலர் தேவைக்கு மேல் அமுக்குகிறார்கள். 9 மி.மீ. தோட்டா சேம்பரில் (குழலின் பின்னால் தோட்டா அமரும் இடம்) நிற்பதே கூட்டின் வாய் விளிம்பில்தான். விரித்ததை நேராக்கினால் போதும். வாயில் சுமார் 0.378 முதல் 0.380 அங்குலம். அதைவிட இறுக்கி அமுக்கினால் கோட்டிங் பூசிய ஈயக் குண்டின் தோல் உரியும், குறி சிதறும்.

தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு வைக்க வேண்டும்?

9 மி.மீ.க்கு உச்ச வரம்பு 1.169 அங்குலம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். குண்டின் மூக்கு வடிவத்தைப் பொறுத்து, அதைவிடக் குட்டையான தோட்டாகூடக் குழலின் உட்புற வரிகளில் முட்டலாம். சி.இசட். குழல்கள் இதற்குப் பேர்போனவை. குழலைக் கழற்றி, மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டாவை உள்ளே போடுங்கள். "டக்" என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். இதில் ஏதாவது ஒன்று நடக்கவில்லை என்றாலும் சிறிது சிறிதாகக் குட்டையாக்குங்கள்.

ஆனால் குட்டையாக்குவது இலவசமல்ல. கூட்டுக்குள் இடம் குறையும்போது அழுத்தம் ஏறும், சிறிது குறைத்தாலும் கணிசமாக. நீளத்தை மாற்றினால் மருந்தை மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். அடைத்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குண்டு உள்ளே இறங்கினால் கூட்டின் பிடிப்பு போதவில்லை. துப்பாக்கிக்குள் ஏறும்போதும் அப்படித்தான் இறங்கும்.

மிகவும் ஆபத்தான தவறு எது?

இரண்டு. ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவது. மருந்தே விழாமல் போவது.

இரட்டை மருந்து துப்பாக்கியை உடைக்கும், கையையும் சேர்த்து. டைட்குரூப் போன்ற அடர்த்தியான மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகத்தான் தெரியும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. பொசபொசவென்று கூட்டை நிரப்பும் மருந்தில் இரட்டை விழுந்தால் மேசையெல்லாம் கொட்டிக் காட்டிக்கொடுக்கும். புதியவர்களுக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன், கொஞ்சம் அழுக்கு அதிகமானாலும் சரி.

மருந்தே இல்லாவிட்டால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். "புஸ்" என்று மெல்லிய சத்தம் வரும், ஸ்லைடு சரியாக நகராது. போட்டி வேகத்தில் கை பழக்கத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுட்டுவிடும். அப்போது குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நில்லுங்கள். ரேஞ்ச் அதிகாரியும் நிறுத்தச் சொல்வார். ஸ்டேஜ் போனால் போகட்டும்.

தடுக்கும் வழி சலிப்பானது: குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது. பிரஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கு மாட்டுங்கள். மருந்து அளவைச் சோதிக்கும் டையும் கிடைக்கிறது, வாங்கலாம். நடுவில் பிரஸ் சிக்கினாலோ யாராவது கூப்பிட்டாலோ, தட்டில் இருக்கும் எல்லாக் கூட்டையும் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்க வேண்டும். முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் திருப்பி ஊற்றுங்கள். ஹாப்பரில் (பிரஸ்ஸில் மருந்து ஊற்றும் குப்பி) விட்டுவைத்தால் அடுத்த வாரம் அது எந்த மருந்து என்று ஊகிக்க வேண்டிவரும்.

முதல் தடவை வெடிக்காத தோட்டா இரண்டாம் தடவை வெடிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் பிரைமர் ஆழமாக அமரவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளச் செலவாகிறது, இரண்டாம் அடிதான் வெடிக்க வைக்கிறது. பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். விரலைத் தடவினால் சிறு பள்ளம் தெரியும். இரண்டாம் அடியிலும் வெடிக்கவில்லை என்றால் ஹேமர் ஸ்பிரிங் பக்கம் பாருங்கள்.

ரேஞ்சில் பொறுக்கிய கூடு பரவாயில்லையா?

மைனருக்குப் பரவாயில்லை, ஆனால் தரம் பிரியுங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியின் விளிம்பை மடித்திருப்பார்கள். அதை நீக்காமல் புதுப் பிரைமரைத் திணிக்கக் கூடாது. .380 கூடுகள் கலந்து வரும். மேஜரில் சுட்டு வீங்கிய 9 மி.மீ. கூடுகளும் வரும். போட்டிக்கு என்று அடைத்த ஒவ்வொரு தோட்டாவையும் கேஸ் கேஜில் போட்டுப் பாருங்கள். கேஜில் பொருந்தாததை நேராகப் பயிற்சிப் பெட்டியில்கூடப் போட வேண்டாம், குழலில் விழுகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கூடு தேய்க்கும் இயந்திரத்தின் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். அதை வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஓட விடாதீர்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மேசையில் காபி வேண்டாம்.

125 போதும் என்றால் ஏன் எல்லோரும் 130-க்கு அடைக்கிறார்கள்?

பெரிய போட்டியில் உங்கள் தோட்டாவைச் சோதிப்பார்கள். எட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை பார்ப்பார்கள். மூன்றை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுச் சராசரி வேகம் எடுப்பார்கள். குறைந்தால் இன்னும் மூன்று சுட்டு, ஆறில் சிறந்த மூன்றைக் கணக்கில் கொள்வார்கள். அப்போதும் குறைந்தால் மிச்சமிருக்கும் ஒன்றைச் சுடுவதா, அதன் குண்டை எடை பார்ப்பதா என்று நீங்கள் சொல்லலாம். மேஜர் தவறினால் மைனராக மதிப்பிடுவார்கள். மைனரும் தவறினால் போட்டியில் சுடலாம், மதிப்பெண் கிடையாது.

இதில் பல விஷயங்கள் உங்கள் கையில் இல்லை. வெயிலில் சில மருந்து வேகம் கூடும், சில குறையும். ஒரே நீளமுள்ள இரண்டு குழல்களில்கூட ஒரே தோட்டா வேறு வேகம் காட்டும். வேகம் அளக்கும் கருவிக்குக் கருவி சில அடி வித்தியாசம் வரும். 127-க்கு அடைத்துவிட்டு விமான டிக்கெட் எடுத்துப் போவது வீண் துணிச்சல். 130-க்கும் 127-க்கும் உதைப்பில் உள்ள வித்தியாசத்தை டைமர் காட்டாது.

வேகம் அளக்க இப்போது கார்மின் ஸீரோ போன்ற சிறிய ரேடார் கருவிகள் வந்துவிட்டன. பழைய வகை ஒளித்திரைக் கருவி மேகம் கவிந்தால் வேறு எண் காட்டும்.

துல்லியத்துக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்?

25 கஜத்தில் கையைத் தாங்கலில் வைத்துச் சுட்டு மூன்று அங்குலத்துக்குள் விழுந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் குறி தவறுவது பெரும்பாலும் ட்ரிகரை இழுக்கும் விரலால். மருந்தில் பத்தில் ஒரு கிரெயின் கூட்டிக் குறைத்து ஒரு குளிர்காலத்தையே கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தனியான ஒரு பொழுதுபோக்கு, தவறில்லை.

மென்மையா, நம்பகமா? இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது?

மேலே சொன்ன 144 புள்ளி, 20 வினாடிக் கணக்கை எடுங்கள். ஹிட் ஃபேக்டர் 7.2. ஒரு சிக்கலை அவிழ்க்க மூன்று வினாடி போனால் 144-ஐ 23-ஆல் வகுக்க வேண்டும்: 6.26. ஒரே ஸ்டேஜில் நூற்றுக்குப் பதின்மூன்று காலி. மென்மையான தோட்டாவும் இலேசான ஸ்பிரிங்கும் சேர்ந்து அந்த அளவு வேகத்தைக் கூட்டித் தருவதை நான் பார்த்ததில்லை. மென்மையைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நண்பருக்கு அடைத்துக் கொடுக்கலாமா? விற்கலாமா?

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு அடைக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கும் தொழிலாகச் செய்தால் தேவை. இலவசமாகக் கொடுப்பதையும் நான் செய்ய மாட்டேன், அடுத்தவர் அடைத்ததைச் சுடவும் மாட்டேன். பல துப்பாக்கி நிறுவனங்கள் வீட்டுத் தோட்டா சுட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன.

இந்தியாவில் இருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். அங்கே 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அங்கே முயலாதீர்கள்.

போட்டிக்கு எத்தனை தோட்டா கொண்டு போவது?

அறிவிப்பில் குறைந்தபட்ச எண்ணிக்கை போட்டிருப்பார்கள். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட இரும்புத் தகடு, மறு ஓட்டம், வேகச் சோதனைக்கு எடுக்கும் எட்டு எல்லாவற்றுக்கும் ஆகும். எல்லாம் ஒரே தொகுதியில் அடைத்ததாக இருக்கட்டும், மிச்சமிருந்த பழைய பெட்டிகளைக் கலக்க வேண்டாம். பெட்டிமேல் குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், பிரைமர், நீளம், தேதி எழுதி ஒட்டுங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் காய விடாமல் நிழலில் வையுங்கள், குறிப்பாகச் சோதனை மேசைக்கு உங்கள் குழு போகும் வரை.